அம்மம்மாவின் ரீவிப் பெட்டி

வெள்ளி

மாமி, மாலை 6:40
ரீவியில் கொழுவியிருக்கிற ஆண்ட்ராய்டு பெட்டி திரும்பவும் நின்றுவிட்டது. அம்மம்மா நல்லூர்த் தேர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தா. 18 ஆம் திகதியே டேட்டாவும் முடிந்து, திரும்பவும் போட வேண்டியதாப் போச்சு.

சின்னவன், 6:44
யாராவது புதிதாக ஏதும் போட்டார்களா மாமி?

குஞ்சம்மா, 6:51
கடைப் பெடியன் எல்லாச் சனலும் சும்மா வரும் என்று ஒரு ஆப் போட்டுத் தந்தான். கள்ள ஆப்பைப் பிடிக்கிற பிளே புரொடெக்ட் என்ற கூகுள் காவலை நிற்பாட்டினால்தான் ஓடும் என்றான்.

சின்னவன், 6:53
வயரைக் கழற்றி வையுங்கோ. மூன்று நாளைக்கு அம்மம்மா போனில் பார்க்கட்டும், டேட்டா குறையுதா என்று பார்ப்போம்.

பெரியண்ணை ரொறன்ரோ, 7:20
இதைத்தான் அமெரிக்கப் புலனாய்வுத் துறை எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. பேட்பொக்ஸ் 2.0 என்று பெயர். சில மலிவுப் பெட்டிகளுக்குள் வாங்கும்போதே கள்ள மென்பொருள் இருக்கும், சிலவற்றில் இப்படியான ஆப்போடு வந்து ஏறும். பிறகு எங்கள் வீட்டு இணையத்தை முகம் தெரியாத யாரோ பயன்படுத்துவான். புரொடெக்ட்டை நிற்பாட்டச் சொன்னாலே சந்தேகப்பட வேண்டும்.

திங்கள்

மாமி, காலை 8:05
மூன்று நாளாக டேட்டா பெரிதாகக் குறையவில்லை தம்பி!

சின்னவன், 8:30
அப்போ ஆண்ட்ராய்டை விட்டுவிடுவோம். மெமரி கார்ட்டில் கோர்எலெக் போடுகிறேன். கோடி (Kodi) என்ற வீடியோ பார்க்கிற மென்பொருள் மட்டும் ஓடுகிற சின்ன லினக்ஸ் இயங்குதளம் அது.

பெரியண்ணை ரொறன்ரோ, 8:41
அந்தக் கோடிதான் முந்தி எக்ஸ்பிஎம்சி. எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டியைத் திறந்து மாற்றியவர்களுக்காகத் தொடங்கியது, 2014 இல் பெயர் மாறியது. உன் சிப் எது?

சின்னவன், 8:43
எஸ்905டபிள்யூ, 2 ஜிபி.

பெரியண்ணை ரொறன்ரோ, 8:47
பழைய சிப். புதிய பதிப்பு வராது, கோர்எலெக் 9.2 வரிசையை எடு. பெட்டிக்குள் என்ன இருக்கு என்று சொல்லுகிற டிவைஸ் ட்ரீ கோப்பு சிப்புக்கும் ரெம்முக்கும் பொருந்த வேண்டும். அதைக் கார்ட்டில் எந்த ஃபோல்டருக்குள்ளும் விடாமல் வெளியே போட்டு dtb.img என்று பெயர் மாற்று. பிழையானதைப் போட்டால் லோகோவோடு நிற்கும்.

சின்னவன், மாலை 5:15
முதல் தரம் அப்படியே நின்றது அண்ணை. கோப்பை மாற்றினேன். ஏவி ஓட்டைக்குள் பல்லுக்குத்தியை விட்டால் உள்ளே சின்னப் பொத்தான் "டிக்" என்கிறது. கார்ட்டிலிருந்து தொடங்க அதை அமத்திக்கொண்டே கரண்ட்டைக் கொடுத்தேன். நீல லோகோ வந்துவிட்டது!

குஞ்சம்மா, 5:22
பழையது அழிந்துபோச்சோ?

சின்னவன், 5:24
இல்லை குஞ்சம்மா. கார்ட்டைக் கழற்றினால் பழைய ஆண்ட்ராய்டு வரும். அதனால் தயவுசெய்து ஒருவரும் கழற்ற வேண்டாம். அந்த இலவசச் சனல்காரரின் கூடுதல் நிரலான ஆட்‑ஆனும் கோடிக்குள் வேண்டாம், கள்ளப் படம்தான் அது. நெட்ஃபிளிக்ஸ் ஆப் இதில் இல்லை. யூரியூப்புக்கு கூகுளிடம் சொந்த ஏபிஐ கீ, அதாவது அனுமதிக் குறியீடு, எடுக்க வேண்டும், இன்றிரவு செய்கிறேன். தேர், கல்யாண வீடியோக்கள் எல்லாம் பென் டிரைவில் இருக்கு.

மாமி, 6:02
றிமோட் வேலை செய்யுதில்லையே?

சின்னவன், 6:03
ரீவி றிமோட்டைப் பிடியுங்கோ. எச்டிஎம்ஐ வயர் வழியாக அதுவே பெட்டியையும் ஆட்டும்.

மாமி, 6:10
ஓம், அசையுது. அம்மம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்லுறா, வாறன்.