36 நாள் குட்டிகள், தாய் பால் தர மறுக்கிறது

சுங்கை சிப்புட், தோட்டப்புற வீடு. நாட்டு நாய், 5 குட்டிகள். குட்டிகளுக்குப் பல் கூராகிவிட்டது. நாலு நாளாகத் தாய் உறுமிவிட்டு எழுந்து போகிறது. மடியில் கட்டியோ சூடோ இல்லை.

2, 4 வாரத்தில் பூச்சி மருந்து கொடுத்தாச்சு. குட்டித் தீனியை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, தினம் 4 வேளை வைக்கிறோம். பசும்பால் கழிச்சலில் விடும், அதனால் தருவதில்லை. தாய் ஒதுங்கிப் படுக்க உயரமாகப் பலகையும் போட்டாச்சு. நான்கு நன்றாகத் தின்கின்றன. சின்னப் பெட்டைக்குட்டி மட்டும் 3 நாளாக 1.1 கிலோவிலேயே நிற்கிறது, துறுதுறுப்பு குறையவில்லை.

கேட்டவர்கள் இப்போதே தூக்கிப் போக நிற்கிறார்கள். 8 வாரத்துக்கு முன் தர மனமில்லை. கடியை அடக்கப் பழகுவது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான்.

இரவில் மட்டும் தாயைத் தனியே கட்டினால், சின்னக் குட்டி தீனிக்குச் சீக்கிரம் பழகுமா, இல்லை இன்னும் மெலியுமா?