பந்து வர்றதுக்கு முன்னாடி குவார்ட்டர்பேக் யாரப் பாத்து விரல நீட்டுறாரு?

கானாடுகாத்தான்காரன்:
டல்லாஸ்ல இருக்க மச்சான் போன தைக்கு ஊருக்கு வந்தப்ப அமெரிக்கன் ஃபுட்பால் கிறுக்க எனக்கும் ஒட்ட வச்சிட்டுப் போயிட்டாரு, இப்ப திங்கக்கிழமை வெள்ளன ஆறு மணிக்கே எந்திரிச்சு மொபைலும் கையுமா உக்காந்துர்றேன். வாசத் தெளிச்சுட்டு வந்த ஆச்சி, பந்த வாங்கி எறியிற குவார்ட்டர்பேக்க எட்டிப் பாத்துட்டு "ஏண்டா அவன் ஆட்டத்த ஆரம்பிக்காம கைய நீட்டி நீட்டிக் கத்துறான்"னு கேட்டாக, எனக்குப் பதில் தெரியல. நம்பரச் சொல்லிக் கத்துனா எதிராளி காதுலயும் விழும்ல? ரெண்டரை மூணு செகண்டுல எறியணும், அதுக்குள்ள 11 பேரயும் எப்புடிப் பாப்பாரு?

பாடிப்போறவன்_தேவகோட்டை:
அண்ணே 11 பேரயும் பாக்க மாட்டாரு. கபடில பாடிப் போறவன் ஏழு பேரயுமா பாக்குறான்? கார்னர்ல நிக்கிறவன் காலு முன்னாடி வந்துருக்கா, நடுவுல எவன் எவன் கைகோத்துருக்கான், அவ்வளவுதான். இங்க மொதல்ல பாக்குறது கடைசில நிக்கிற சேஃப்டி ரெண்டு பேர. கவர் 2, கவர் 3னா ஆழத்துல எத்தன பேரு காவல்னு அர்த்தம். ரெண்டு பேரும் ஆழத்துல பிரிஞ்சு நின்னா பெரும்பாலும் கவர் 2, இல்லாட்டி கவர் 4. ஒருத்தர் மட்டும் நடுவுல ஆழமா நின்னா கவர் 1 இல்ல கவர் 3. (கபடி கவர் வேற, இந்தக் கவர் வேற, நானே மொதல்ல கொழம்புனேன்.) அதுலயும் சந்தேகம்னா பந்தப் புடிக்கிற ரிசீவர் ஒருத்தர இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் ஓட விடுவாக, அவன் பின்னாடியே ஒருத்தன் தொரத்திக்கிட்டு ஓடுனா மேன் (ஆளுக்கு ஆள் காவல்), யாரும் தொரத்தாம ஆளுக்கு ஒரு எட்டு நகந்து நின்னா ஸோன் (ஆளுக்கு ஒரு எடம் காவல்). எப்பவும் அப்புடியே இருக்கும்னு இல்ல, ஆனா தூண்டில் போட்டுப் பாக்குறது இதுதான்.

பள்ளத்தூர்_டு_டெக்சாஸ்:
தம்பி சொன்னது பாதிதான். விரல் நீட்டுறது மைக்கக் காட்ட, மைக்குன்னா எதிராளி டிஃபென்ஸ்ல முன்வரிசைக்குப் பின்னாடி நடுவுல நிக்கிற லைன்பேக்கர். "54 மைக்"னு (54 அவரு சட்ட நம்பர்) சொன்னா முன்னாடி நிக்கிற லைன்மேன் அஞ்சு பேரும் அந்த லைன்பேக்கர்லேர்ந்து எண்ணி யாரு யாரத் தடுக்கணும்னு பிரிச்சுக்குவாங்க. எதிராளிக்குக் கேட்டா கேக்கட்டும், கத்துறதுல பாதி சும்மா ஏமாத்துக் கத்தலாவும் இருக்கும். குவார்ட்டர்பேக் பேட்டன் மானிங் 2014 ஜனவரில சார்ஜர்ஸ் டீம் கூட ஆடுன பிளேஆஃப்ல மட்டும் "ஒமாஹா"னு 44 தடவ கத்துனாருன்னு எண்ணிச் சொன்னாங்க.

NFL லீக்ல குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள்ள ஸ்பீக்கர் 1994லேர்ந்தே இருக்கு, கோச் பேசுவாரு, ஆனா பிளே கிளாக் (அடுத்த ஆட்டத்தத் தொடங்கக் குடுக்குற நேரம்) 40 செகண்டுலேர்ந்து எறங்கி 15க்கு வந்தா லைன் கட். அதுக்கப்புறம் அவரு கண்ணுதான் அவருக்கு.

முக்கியமான விஷயம், டிஃபென்ஸ் வேஷம் போடும். ரெண்டு சேஃப்டியும் ஆழத்துல நிப்பாங்க, குவார்ட்டர்பேக் கவர் 2, நடு ஆழம் காலின்னு கணக்குப் போட்டிருப்பாரு, ஸ்னாப் ஆன (பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்த) நிமிசம் ஒருத்தர் சர்ருன்னு முன்னாடி எறங்கிருவாரு, இன்னொருத்தர் நடுவுக்குப் போயிருவாரு, இப்ப அது கவர் 3. மொதல்ல நெனச்சபடி நடுவுல எறிஞ்சா நேரா அவரு கைல போய் விழும். அதான் பந்த வாங்கி மொத ரெண்டு எட்டு பின்னாடி வைக்கும்போதே கண்ணு மறுபடியும் சேஃப்டி மேல போகணும். நான் பாத்தவரைக்கும் நல்ல ஆளு சுமாரான ஆளு வித்தியாசம் அந்த ரெண்டு எட்டுலதான் தெரியுது, கை பலத்துல இல்ல.

செக்காலை_ஓப்பனர்:
பேட்ஸ்மேன் ஃபீல்டிங்கப் பாத்துட்டு நிக்கிறதுதான இது, இதுக்கு ஏன் இவ்வளவு பில்டப்பு

பாடிப்போறவன்_தேவகோட்டை:
அதெப்புடி? பந்து பேட்ஸ்மேன்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள ஃபீல்டர் கண்டபடி எடம் மாறுனா கிரிக்கெட்ல தப்பு. இங்க ஏமாத்துறதுக்குன்னே மாறுவாக

கானாடுகாத்தான்காரன்:
இன்னைக்கு சேஃப்டிய மட்டும் பாக்கணும்னு உக்காந்தேன், ஆனா டிவில அவுகளக் காட்டவே மாட்டேங்குறான், முன்னாடி நிக்கிற கும்பலத்தான் காட்டுறான், சேஃப்டி ஸ்கிரீனுக்கு வெளில நிக்கிறாரு. எங்கய்யா பாக்குறது?

பள்ளத்தூர்_டு_டெக்சாஸ்:
பக்கவாட்டு கேமராவுல அப்புடித்தான் வெட்டிருவான். குவார்ட்டர்பேக் முதுகுக்குப் பின்னாடிலேர்ந்து ரீப்ளே போடுவான், அதப் பாருங்க. இல்லாட்டி ஆல்-22னு தேடுங்க, 22 பேரும் முழுசாத் தெரியிற வீடியோ, ஸ்னாப்புல வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாருங்க.