நீரூறிய கயிறு, அகத்தாங்கி: இரண்டு சொல் முன்மொழிவுகள்

நண்பர்களுக்கு வணக்கம்.

மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுக்கப்படும் 'வாட்டர்லாக்டு' (waterlogged, நெடுங்காலம் நீரில் கிடந்து உள்ளெல்லாம் நீர் ஏறிய) கயிற்றுக்குத் தமிழில் 'நனைந்த கயிறு', 'நீர் தேங்கிய கயிறு' என்ற சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நனைந்தது என்றால், காயவைத்தால் சரியாகிவிடும் என்று படிப்பவர் நினைப்பார். இந்தக் கயிற்றுக்குக் காயவைப்பதுதான் எமன். நீர் தேங்குவதோ பள்ளத்தில். நாரின் செல்லுக்குள் நடப்பதை அச்சொல் காட்டவில்லை.

கடலடியில் நெடுங்காலம் கிடக்கும் நாரில், அதற்கு வலுத் தரும் செல்லுலோசு சிதைந்து குறைகிறது. நுண்ணுயிர்கள் தின்றது போக, நீரும் தன் பங்குக்கு அரிக்கிறது. இழந்த பொருளின் இடத்தில் நீர் வந்து அமர்கிறது. பார்வைக்குக் கயிற்றின் புரிகளும் முறுக்கும் அப்படியே இருக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் புரி கழன்று கையோடு வந்துவிடும். அதனால் அடியில் பலகை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். காற்றில் விட்டாலோ, வெளியேறும் நீரின் பரப்பு இழுவிசை மெலிந்த செல் சுவர்களை உள்ளிழுத்து நசுக்கிவிடும். பிறகு நீரில் போட்டாலும் பழைய உருவம் திரும்பாது.

உருவத்தைத் தாங்கி நிற்பதே நீர் என்பதால் 'நீரூறிய கயிறு' என்கிறேன். ஊறுதல் உள்ளே புகுந்து கலப்பதைச் சொல்கிறது. நீரூறிய மரம், நீரூறிய தோல் என்றும் எழுதலாம்.

அடுத்தது 'பல்க்கிங் ஏஜென்ட்' (bulking agent), அதாவது நாரில் நீர் இருந்த இடத்தில் செலுத்தப்படும் பொருள். அதற்கு 'நிரப்பி' என்ற சொல் போதாது. இதற்குப் பயன்படும், நீரில் கரையும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் நீர் விட்ட இடத்தில் நின்று சுவரைச் சரியாமல் பிடிக்கிறது. 'அகத்தாங்கி' அந்த வேலையைச் சொல்லும். 1628இல் மூழ்கி 1961இல் மேலே கொண்டுவரப்பட்ட சுவீடனின் வாசா கப்பல் மரத்தின் மீது இதை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். கயிற்றுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது. நன்னீரை மாற்றி மாற்றி உப்பை நீக்கியபின் அகத்தாங்கிக் கரைசலில் வைத்து, உறையவைத்தே உலர்த்தும் உறையுலர்த்தலுக்கு அனுப்பலாம். பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாவதால் அந்த இழுவிசைக்கே இடமில்லை. தார் பூசிய கயிறாக இருந்தால் மட்டும் கரைசல் உள்ளே இறங்கத் தயங்கும்.

'கன்சாலிடன்ட்' (consolidant) என்பதையும் அகத்தாங்கி என்றே எழுதலாம் என்ற யோசனையை ஏற்க முடியாது. உதிரும் இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைப்பது அதன் வேலை. அதற்குப் 'பிணைப்பி' இருக்கட்டும். எந்தக் கயிற்றுக்கு எதைக் கொடுத்தார்கள் என்பது பராமரிப்புக் குறிப்பேட்டில் ஐயமின்றித் தெரிய வேண்டும். 'பிணைப்பி' பசையோடு குழம்பும் என்று கருதுவோர் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.