அண்ணாவின் பயொப்சி றிப்போட்டில் பி53: இரண்டாவது அபிப்பிராயம் எடுத்தவர்கள் உண்டா?

நாங்கள் புதுக்குடியிருப்பு. அண்ணாவுக்கு 41 வயது. 2012 இலிருந்து அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் (குடலில் அழற்சியும் புண்ணும்), பெருங்குடல் முழுவதும். மெசலசீன் குளிசை போடுகிறார். வயல் வேலை தொடங்கினால் மட்டும் மறந்துவிடுவார், கேட்டால் "பிறகு போடுறன்". மூன்று மாதமாக நாளுக்கு ஆறேழு தரம் போகிறது, இரத்தமும் சளியுமாக.

போன மாதம் கொலனோஸ்கோபி (குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். கட்டி எதுவும் தெரியவில்லை. ஆனால் இடப்பக்கத்தில் பயொப்சிக்கென்று எடுத்த ஒரு சதைத்துண்டில் "டிஸ்பிளாசியாவா என்று உறுதியில்லை, பி53 சாயம் அழுத்தமாகப் பிடித்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. டிஸ்பிளாசியா என்றால் புற்றாகக்கூடிய கல மாற்றம். கிளினிக்கில் விளக்கம் இல்லை; ஆறு மாதத்தில் வரட்டாம்.

பி53 கட்டிகளை அடக்கும் மரபணு; சாயம் அழுத்தமாகப் பிடித்தால் அது கெட்டிருக்கலாமாம். வழக்கமான குடற்புற்றில் பெரும்பாலும் ஏபிசி மரபணு முதலில் கெடும், பி53 பிந்தித்தான். நீண்டகால அழற்சியில் இது தலைகீழாம், பி53 முந்திவிடும். அதேநேரம், அழற்சி கடுமையாக இருந்தால் நல்ல கலங்களும் மாறினது போலத் தெரியும். அதுதான் குழப்பம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். (பஸ்ஸில் அவதிப்படக்கூடாதென்று அண்ணா முதல்நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.) தாளை வைத்துச் சொல்ல ஏலாது, நுணுக்குக்காட்டியில் பார்த்த கண்ணாடிச் சிலைட்டும், அந்தச் சதைத்துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக்கட்டியும் வேண்டும் என்றார். பயொப்சி செய்த இடத்தில் இரண்டு தரம் கேட்டு, கடிதமும் கொடுத்து மூன்று கிழமை. பதில் இல்லை.

வன்னியிலிருந்து மெழுகுக்கட்டியை எடுத்து வேறொரு நோயியல் நிபுணரிடம் காட்டியவர்கள், அதை எப்படி வாங்கினீர்கள், எங்கே கொடுத்தீர்கள்?