தனியார் ஏபிஎன் டனல்: எங்கள் பக்கம் எதுவும் தெரியவில்லை, உதவி தேவை

வணக்கம். சீனன்குடாவில் எங்கள் மீன் குளிர்களஞ்சியம். மூதூர், கிண்ணியா ஐஸ் அறைகளின் வெப்பநிலை தனியார் ஏபிஎன் (பொது இணையத்தில் சேராமல் தொலைபேசி நிறுவனம் எங்களுக்கென ஒதுக்கிய மொபைல் வழி) சிம் வழியே எங்கள் சேர்வருக்கு வரும். ரௌட்டர் மைக்ரோட்டிக். ஐபிசெக் டனலின் (தரவைக் குறியாக்கி அனுப்பும் இணைப்பு) மறுமுனை தொலைபேசி நிறுவனத்தின் கையில்.

இரண்டு கிழமையாக சிம்முக்கு ஐபி கிடைக்கிறது, 1200 பைட் பிங் (சோதனைப் பொதி) போகிறது, 1400 போகவில்லை. நேற்று மூதூரில் ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர். சேர்வரில் அதிகாலை 4 மணி அளவீட்டோடு எல்லாம் நின்றிருந்தது. கடலுக்குப் போய் வந்தவர்களின் உழைப்பு அது, மனம் கேட்கவில்லை.

சிம் மாற்றினோம். எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி பொதியில் போகும் தரவின் உச்ச அளவு) 1300 ஆகக் குறைத்ததும் டிசிபி சரி, அந்த வரம்பு பொருந்தாத யூடிபி முறையில் அனுப்பும் அளவீடுகள்தான் வருவதில்லை. சாதாரண சிம்மில் பிரச்சினையே இல்லை. நிறுவனத்தை அழைத்தால் "எங்கள் பக்கம் சரி" என்கிறார்கள். எங்களுக்குத் தந்த தளத்தில் சிம்மைத் திறக்கலாம், மூடலாம், அவ்வளவுதான்.

டனல் லொக்கை (பதிவுகளை) பார்க்கும் உரிமையாவது வாங்கியவர்கள் இருந்தால், ஒப்பந்தத்தில் என்னவென்று எழுதிக் கேட்டீர்கள்?