கடைப் பெயரை ட்ரேட்மார்க் பண்ணப் போய் பட்ட பாடு: உங்களுக்கும் நடந்திருந்தால் சொல்லுங்கள்

செக்குக்காரன்:
காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். 2019-ல் ஆரம்பித்தபோது பெயருக்கு ரொம்ப மெனக்கெடவில்லை, ஊர்ப் பெயரோடு மரச்செக்கு என்று சேர்த்து டின்னில் அச்சடித்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்து ஒரு வாடிக்கையாளர் போன் போட்டு, "ஏனுங்க, போன தடவை வாங்கின எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதுங்க" என்றார். டின்னைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால், அது எங்கள் எண்ணெயே இல்லை. அதே பச்சை லேபிள், ஒரே ஒரு எழுத்து மாற்றிய பெயர்.

சரி, பதிவு பண்ணிவிடுவோம் என்று ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் இடத்திலேயே கொடுத்தேன். சிறுதொழில் என்று காட்டும் உத்யம் சான்றிதழ் இருந்ததால் ஆன்லைன் கட்டணம் 9,000 இல்லாமல் 4,500. அந்தத் தம்பி எண்ணெய் என்றதும் 4-ஆம் வகுப்பில் போட்டுவிட்டார். வகுப்பு என்றால் எந்த வகைச் சரக்குக்குப் பெயர் கேட்கிறோம் என்பது. மொத்தம் 45 வகுப்பு இருக்கிறது, அதில் 4 என்பது மெஷின் ஆயில், கிரீஸ் வகையறா. சமையல் எண்ணெய்க்கு 29. எங்கள் நல்லெண்ணெய் எட்டு மாதம் கிரீஸ் டப்பாவோடு உட்கார்ந்திருந்தது. கட்டின காசு திரும்பாது, மறுபடி 4,500.

இரண்டாவது தடவை வகுப்பு சரி, பெயர்தான் மாட்டியது. ட்ரேட்மார்க் அலுவலகத்தின் ஆய்வறிக்கையில் ட்ரேட்மார்க் சட்டம் பிரிவு 9 என்று போட்டு ஆட்சேபணை. ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் மட்டும் சேர்ந்தால் அதில் தனித்தன்மை இல்லையாம். பதில் கொடுக்க ஒரு மாதம்தான், பழைய பில், லேபிள் எல்லாம் தேடி எடுத்து இணைத்தோம், வீடியோவில் விசாரணையும் நடந்தது, ஆனாலும் தள்ளுபடி. அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் காங்கேயத்தில் செக்கு வைத்திருக்கிற யாராக இருந்தாலும் டின்னில் அப்படித்தானே எழுதுவார்கள், அதை எனக்கு மட்டும் எப்படி எழுதிக் கொடுப்பார்கள்?

மூன்றாவதாக, பாட்டியை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைக் கொடுத்தோம். தமிழ் எழுத்தில் கொடுத்தால் ஆங்கில எழுத்திலும் எழுதி அர்த்தமும் சொல்ல வேண்டும். அதற்கு ஏது அர்த்தம், அவருடைய பேரன் ஒருவன் பல் விழுந்த வயதில் கூப்பிட்டது! அர்த்தம் இல்லை என்றே எழுதினோம். அது எங்கேயும் மாட்டாமல் போய்விட்டது. ட்ரேட்மார்க் இதழில் வெளியாகி நான்கு மாதம் யாரும் எதிர்க்கவில்லை, இப்போது பத்து வருடத்துக்குப் பதிவு. பழைய பெயரில் ஒரு எழுத்தை மாற்றிய அந்தப் போலி ஆள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஈரோடு_வக்கீல்:
பழைய பெயருக்கும் பதிவு இல்லாமலேயே பாசிங் ஆஃப் வழக்கு போடலாமே, அதாவது தன் சரக்கை உங்கள் சரக்கு மாதிரி காட்டி விற்கிறார் என்ற வழக்கு. 2019-லிருந்து பில் இருக்கிறது, லேபிளை அப்படியே காப்பி அடித்திருக்கிறார் என்றால் கேட்டுப் பார்க்கலாம்.

செக்குக்காரன்:
கேட்டேனுங்க. கோயம்புத்தூரில் ஒருத்தர் சொன்ன பீஸுக்கு நான் இன்னொரு செக்கே போட்டுவிடுவேன்.

முறுக்குப்பிழி:
எங்களுக்கும் ஊர்ப் பெயர்தான் வினை. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும், இனி நம் பாக்கெட்டுக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அப்புறம்தான் ஒரு அண்ணன் விளக்கினார்: அது ஊருக்குச் சொந்தம், எனக்கல்ல, அதைப் பயன்படுத்தவே அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நான் தனியாகப் பதிய வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் முறுக்கையும் என் முறுக்கையும் பிரித்துக் காட்ட எனக்கென்று ஒரு பெயர் வேண்டும். 30-ஆம் வகுப்பில் போட்டிருக்கிறேன், மூன்று வாரமாக விண்ணப்ப நிலவரப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன், எங்கள் வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஒரு கேள்வி. பதிவான பெயர் என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் (®) குறியை இப்போதே பாக்கெட்டில் போடலாமா? அச்சகத்தில் போடச் சொல்கிறார்கள்.

ஈரோடு_வக்கீல்:
கூடவே கூடாது. பதிவாகும் முன் அதைப் போட்டால் ட்ரேட்மார்க் சட்டம் 107-ஆம் பிரிவில் அபராதம் விழும், 2024-க்கு முன்னால் சிறை வரைகூடப் போகலாம் என்று இருந்தது. விண்ணப்ப நிலையில் டிஎம் (TM, ட்ரேட்மார்க் என்பதன் சுருக்கம்) என்று மட்டும் போடுங்கள். உங்கள் அபராதத்தை அச்சகத்தார் கட்ட மாட்டார்.

பொடிக்கடை_அக்கா:
என் கதையில் அரசாங்கம் ஒரு தப்பும் செய்யவில்லை. இட்லிப் பொடி தொழில் என்னுடையது, 2020 ஊரடங்கில் அடுப்படியில் ஆரம்பித்தது. எனக்கு கம்ப்யூட்டர் ஓடாது, அதனால் என் தம்பிதான் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டான், உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயரையே போட்டுவிட்டான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அவன் ஆதார் கையில் இருந்தது, அவ்வளவுதான். போன வருடம் ஒரு பெரிய கடையில் சரக்கு எடுக்க சான்றிதழ் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் என் பொடிக்கு அவன் சொந்தக்காரன். எழுதி மாற்றிக் கொடுடா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், தருகிறேன் அக்கா என்கிறான், பத்திரம் மட்டும் வந்தபாடில்லை. வர ஐப்பசியில் அவனுக்குக் கல்யாணம், பொண்ணு வீட்டில் அவன் என்ன தொழில் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

செக்குக்காரன்:
அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கிவிடுங்கள்.