விதானையார் கட்டிவிட்ட தலைப்பாகை: இது ஒப்பாரியா, குற்றச்சாட்டா?

நிலாவெளி ரோட்டுக்காரன்:
வாசகர் வட்டத்தில் பேசி முடியாமல் போன விசயம். சீனக் கவிஞர் து ஃபு (712–770) எழுதிய ‘படைவண்டிகளின் பாட்டு’. வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: வண்டிகள் கடகடக்க, இடுப்பில் வில்லோடு ஆட்கள் போகிறார்கள். தாய் தகப்பன், பெண்சாதி பிள்ளைகள் சட்டையைப் பிடித்திழுத்து, வழியை மறித்து அழுகிறார்கள். கிளம்பிய தூசியில் பாலமே தெரியவில்லை. ஒரு வழிப்போக்கன் விசாரிக்க, பிடித்துப் போகப்படுகிறவன் சொல்கிறான்: 15 வயதில் வடக்கே ஆற்றங்கரைக் காவலுக்குப் போனவன் 40 வயதிலும் மேற்கே படைநிலத்தை உழுகிறான். போகும்போது ஊர்த் தலைவரான விதானையார்தான் தலைப்பாகை கட்டிவிட்டார். நரைத்துத் திரும்பினால் மறுபடியும் எல்லைக்கு.
இது ஒப்பாரி, அவ்வளவுதான். அரசனைச் சாட வந்தவர் 800 வருசத்துக்கு முந்திய ஹான் பேரரசர் வூவை ஏன் இழுக்கிறார்?

தம்பலகாமம் டீச்சர்:
தம்பி, மகளைத் திட்டி மருமகளுக்கு உறைக்க வைக்கிற மாமியாரை நீர் கண்டதில்லையா? சிம்மாசனத்தில் இருந்தவர் தாங் பேரரசர் சுவான்சொங். அவர் பெயரை எழுதினால் தலை மிஞ்சுமா? ‘எல்லையில் இரத்தம் கடலாகிறது, பேரரசர் வூவின் நாடு பிடிக்கும் ஆசை இன்னும் அடங்கவில்லை’ என்பதைக் கேட்ட எல்லாருக்கும் ஆள் யாரென்று விளங்கியிருக்கும். ஆண்கள் இல்லாத வயலில் பெண்கள் கலப்பை பிடிக்க, அதிகாரி வரி கேட்டு நெருக்குகிறான். ஒப்பாரிக்கு வரிக்கணக்கு எதற்கு?

வேல்முனை:
எதுவானாலும் கோழைப் பாட்டு. நம் புறநானூற்றுத் தாய் (279ஆம் பாட்டு) நேற்றுக் கணவனைக் களத்தில் இழந்தவள், இன்று ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவி, வேலைக் கொடுத்துப் போ என்கிறாள். இந்தச் சீனத்துத் தாய் ரோட்டை மறிக்கிறாள்!

தம்பலகாமம் டீச்சர்:
அதே பாட்டு ‘கெடுக சிந்தை’, அதாவது இவள் சிந்தை கெடட்டும் என்றுதான் தொடங்குகிறது. புகழ்ச்சி என்றுதான் உரைகாரர் சொல்வார்கள், தெரியும். அதைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார் அந்தச் சொல்லைச் சும்மா போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிலாவெளி ரோட்டுக்காரன்:
புறநானூறு பிறகு. ‘பெரியவரே, நீங்கள் கேட்டாலும் என்னைப் போன்ற ஒருவன் மனக்குமுறலைச் சொல்லத் துணிவானா?’ என்று பிடிபட்டவனே பின்வாங்குகிறானே, அதற்கு என்ன பதில்?

மூதூர்க்காரி:
அண்ணை, பின்வாங்கியவன் வாயை மூடினானா? வரிக்கணக்கு வருவதே அந்த அடிக்குப் பிறகுதான். சோதனைச்சாவடி வரிசையில் நின்ற ஆருக்கும் இந்தப் பேச்சு புதிதில்லை. ‘எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா’ என்று தொடங்கினால்தான் மிச்சத்தைச் சொல்லலாம். பயமும் அதுதான், துணிவும் அதுதான்.
எனக்கு இடறுவது வேறொரு இடம். ஆண்பிள்ளை பெறுவது கேடு, பெண்பிள்ளை என்றால் அயலிலே கட்டிக் கொடுக்கலாம், ஆண்பிள்ளை புல்லுக்குள் புதைவான் என்கிறான். எங்கள் பக்கம் படைக்குப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் பெட்டைப் பிள்ளைகளையும் விடவில்லை. 16 வயதில் அவசரமாகக் கலியாணம் கட்டிவைத்த வீடுகள் எத்தனை! என் சிநேகிதி ஒருத்தி அப்படித்தான் தப்பினாள், அதைத் தப்பியது என்று சொல்லலாம் என்றால். அந்த வரியை வாசித்தபோது கொடுத்து வைத்த ஊர் என்றுதான் நினைத்தேன்.

நிலாவெளி ரோட்டுக்காரன்:
சரி தங்கச்சி, சாடைப் பேச்சு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிவில் அரசனும் இல்லை, வரியும் இல்லை. சிங்ஹாய் ஏரிக்கரையில் பொறுக்க ஆளில்லாத வெள்ளெலும்பு, மழை இருட்டில் புதுப் பேய் முறையிட, பழைய பேய் அழுகிற சத்தம். எங்கள் ரோட்டில் இருக்கிற இரண்டாம் உலகப் போர் மயானத்தில் கல்லிலே பெயராவது இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை. இதை ஒப்பாரி என்னாமல் என்ன என்பது?

மூதூர்க்காரி:
பழைய பேய்தானே அழுகிறது, அண்ணை. புதுப் பேய் முறையிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆரிடம்?